பனி உருகும்வரை இந்தப் பூட்டு

சில்லே கலான் கடுங்குளிர் நாற்பதில் ஏழாம் நாள்

என் செல்வம் கௌஹருக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் மனைவி நிகத், உன் மகன் மூமின், பிறந்து பதினெட்டே நாளான உன் மகள் இன்ஷா ஐந்து பேரும் இருமல் இல்லாமல் இருக்கிறோம், கொல்கத்தாவில் நீயும் இருமல் இல்லாமல் இருக்க அல்லா அருள் செய்யட்டும். இதென்ன புதுவிதமாக நலம் விசாரிக்கிறாள் என்று நினைப்பாய். இந்த வருடம் நம் வீட்டில் நலம் என்றால் அது ஒன்றுதான். குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது, மின்சாரம் நினைத்தபோது வருகிறது, கூரை விளிம்பில் பனிக்கட்டி ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது, இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான், இதையெல்லாம் நான் குறையில் சேர்க்கவில்லை. உன் மகள் நன்றாகப் பால் குடிக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள், அழும்போது மட்டும் உன் பெரியம்மாவின் குரல். இந்தக் கடிதத்தை நம் தெரு குலாம் ரசூல் கொண்டுவருகிறார், சால்வை மூட்டைகளோடு நாளை விமானம் ஏறுகிறார். கூடவே காய்ந்த கத்தரிக்காய்ச் சரம் ஒன்றும் சுரைக்காய் வற்றலும் அக்ரூட் பருப்பும் அனுப்பியிருக்கிறேன், அறையில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் கொடுத்துச் சாப்பிடு.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேச ஆரம்பித்ததும் உனக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. முந்தாநாள் நீ கத்தியது எனக்கு மட்டுமா கேட்டது, அப்பாவுக்கும் நிகத்துக்கும் தூங்கிக்கொண்டிருந்த மூமினுக்கும் கேட்டது. "பெரியம்மாவ வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் பனியில நிக்க வச்சுத் திருப்பி அனுப்புனியாமே, பச்ச உடம்புக்காரியப் பாக்க வந்தவங்கள வெரட்டுற வீடு நம்ம ஊர்ல வேற எங்கயாவது உண்டா, நான் வந்து எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெருவுல நடக்குறது" என்று கேட்டாய். அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் நான்கு முறை இருமினாய். நான் எண்ணினேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைக் கேள். உனக்கு யார் போன் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்கள் எதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்றும் தெரியும்.

குழந்தை பிறந்த நான்காம் நாள் காலை வெளிக்கதவில் பூட்டுப் போட்டேன். பூட்டுக்கு மேலே ஓர் அட்டை, என் கையால் எழுதியதுதான், தாயும் சேயும் நலம், பார்க்க வருகிறவர்கள் பனி உருகியபின் வரவும், இருமல் சளி உள்ளவர்கள் அதற்குப் பிறகும் யோசித்து வரவும் என்று. உன் அப்பா படித்துவிட்டு "கடைசி வரி வேணாம், குத்துது" என்றார். குத்தட்டும் என்று விட்டுவிட்டேன். ஏழாம் நாள், தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று, ஜூனா பெரியம்மா வந்தாள். சும்மா வரவில்லை, நிகத்துக்கென்று இரண்டு முழுக்கோழி சமைத்துப் பாத்திரத்தைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள், பின்னால் இரண்டு மருமகள்கள், அவர்களுக்குப் பின்னால் மூக்கொழுகும் நான்கு பிள்ளைகள். அவள் தெருமுனை திரும்புவதற்கு முன்பே அவள் இருமல் நம் வாசலுக்கு வந்துவிட்டது. பாத்திரத்தைக் கதவுக்கு மேலாக வாங்கிக்கொண்டேன், பூட்டைத் திறக்கவில்லை. "என்னடி ஹாஜ்ரா, என் கோழிக்கு இருக்குற மரியாத எனக்கு இல்லையா" என்று கேட்டாள். "கோழி இருமலையே அக்கா" என்றேன். தெருவே சிரித்தது, வினையும் அங்கேதான் பிடித்தது. "ஆண்டவன் எழுதுனத உன் பூட்டு மாத்திடுமா, இல்ல உன் ஊசிதான் மாத்திடுமா" என்று கையை நீட்டிப் பேசினாள். நானும் விடவில்லை, "அப்புறம் எதுக்கு அக்கா கோடை முடியுறப்போ மாடி முழுக்கக் கத்தரிக்காயும் தக்காளியும் காயப்போடுறீங்க, ஆண்டவன் எழுதியிருந்தா பனிக்குள்ளயே காய் காய்க்காதா, பனி வரும்னு தெரிஞ்சு வத்தல் போட்டா கெட்டிக்காரி, காய்ச்சல் வரும்னு தெரிஞ்சு ஊசி போட்டா மட்டும் நம்பிக்கை கெட்டவளா" என்று கேட்டேன். அவளிடமிருந்து இருமல்தான் வந்தது. நடந்தது இவ்வளவுதான். பனியில் நிற்கவைத்தேன் என்பது உண்மை, அன்றைக்கு நல்ல வெயில் என்பதும் உண்மை.

இந்த ஊசி விஷயத்திலும் நான் யாரோ சொன்னதைக் கேட்டு ஆடவில்லை. அக்டோபரில் நீ மூட்டை கட்டிக்கொண்டு போன மறுவாரம் நிகத்தை மாதச் சோதனைக்குச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். டாக்டர் மஸ்ரத் மூமினின் போன வருடத்து ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிறக்கப்போகும் குழந்தையை எப்படிக் காப்பாற்றப்போகிறீர்கள் என்று கேட்டாள். ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது, அதனால் சுற்றி இருக்கிறவர்கள்தான் போட்டுக்கொண்டு அதற்குச் சுவராக நிற்க வேண்டும், தாய் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போதே போட்டுக்கொண்டால் பிறந்த பிறகும் முதல் சில மாதம் பிள்ளைக்குக் காவல் உண்டு, மூமினுக்கு இது முதல் தடவை என்பதால் நான்கு வாரம் இடைவெளி விட்டு இரண்டு ஊசி, பெரியவர்களுக்கு ஒன்று, உடம்பில் பிடிக்க இரண்டு வாரம் ஆகும், ஆகவே பனி விழுந்தபின் ஓடிவராமல் இப்போதே போடுங்கள் என்றாள். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதுமா என்றேன். "இல்லம்மா, அந்தக் காய்ச்சல் வருஷா வருஷம் சட்டைய மாத்திக்கிட்டு வருது, நாமளும் வருஷா வருஷம் போட்டுக்கணும்" என்றாள். உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய், "வயித்துப் புள்ளக்காரிக்கு ஊசியா, நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் போடக் கூடாது" என்றாய், உன் அறையில் எவனோ மொபைலில் காட்டிய வீடியோவை நம்பிக்கொண்டு. உன் சொல்லை மீறித்தான் எல்லோரும் போட்டுக்கொண்டோம். அன்றும் மறைக்கவில்லை, இன்றும் அதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. மூமினுக்கு முதல் ஊசி போட்ட அன்று சாயங்காலம் உடம்பு கொஞ்சம் சுட்டது, உன் அப்பா "சும்மா இருந்த புள்ளைக்குக் காய்ச்சல வாங்கிக் குடுத்துட்டா" என்று குதித்தார், மறுநாள் காலை அந்தப் பிள்ளை சினார் மரச் சருகில் உருண்டு புரண்டு ஹூக்காவைத் தட்டிவிட்ட பிறகுதான் அடங்கினார். அவர் முறை வந்தபோது எனக்கே இரண்டு ஊசியாகப் போட்டுவிட முடியுமா என்று நர்ஸிடம் கேட்டார், இதை நீ அவரிடம் கேட்டால் இல்லவே இல்லை என்பார்.

இப்போது போன வருடத்துக்கு வருகிறேன், இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வற்றலும் கோழியும் வழியில் வந்தவை. மூமினுக்கு அப்போது இரண்டு வயது. காய்ச்சல் என்று படுத்த அன்றைக்கே ஊர் திரண்டு பார்க்க வந்தது உனக்கு நினைவிருக்கும், நீ போனில் பார்த்து "எவ்வளவு பாசம்" என்று நெகிழ்ந்தாய். ஒருவர் உடம்புக்கு முடியாமல் கிடந்தால் போய்ப் பார்க்காதவன் மனிதனா என்பது நம் வழக்கம், கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள், நோயாளியைப் பார்க்கப் போகாவிட்டால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். இரண்டு நாளில் அறுபது பேர் வந்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடிய அதே ஹமாம் அறை, தரைக் கல்லைச் சூடேற்ற அடியில் நெருப்பு, ஒவ்வொருவர் அங்கிக்குள்ளும் காங்ரி நெருப்புச் சட்டிப் புகை, அதற்குள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்து உப்புத் தேநீர் குடித்தார்கள். ஆளாளுக்குப் பிள்ளையின் தாடையைப் பிடித்து, கையில் முத்தமிட்டு, "உன் பீடையெல்லாம் எனக்கு வரட்டும்டா கண்ணா" என்றார்கள். வாயால் அவன் பீடையைக் கேட்டார்கள், கையால் தங்கள் பீடையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் அவன் மூச்சு இழுத்தது, விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே குழிந்தது, உதடு கத்தரிப்பூ நிறமானது. பனியில் சாலை மூடிக்கிடக்க உன் அப்பாவும் இன்னும் நான்கு பேரும் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு பெரிய சாலை வரைக்கும் நடந்தார்கள். பதினோரு நாள் ஆக்ஸிஜன். இன்றும் அந்தப் பிள்ளை நான்கு படி ஏறினால் நெஞ்சில் விசில் ஊதுகிறது.

அப்போது ஊர் என்ன சொன்னது, வெள்ளிக்கிழமை அன்று நிகத் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினாள், ஈரத்தலையோடு விட்டாள், அதனால்தான் வந்தது என்றது. ஜூனா பெரியம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொன்னாள். நீயும் போனில் நிகத்திடம் "ஒரு புள்ளையப் பாத்துக்கத் துப்பில்ல" என்றாய், நான் பக்கத்தில்தான் நின்றேன். கௌஹர், கேட்டுக்கொள், மூமினுக்கு அந்தக் காய்ச்சல் தலைக்கு ஊற்றியதால் வரவில்லை, தலைக்கு ஊற்றினால் ஃப்ளூ வராது. முதலில் அதைக் கொண்டுவந்தது அந்த அறுபது பேரும் இல்லை. நான். அவன் படுப்பதற்கு மூன்று நாள் முன்பு பக்கத்து வீட்டுத் தாஜா காய்ச்சலில் கிடக்கிறாள் என்று பார்க்கப் போனேன், அவள் கட்டிலிலேயே உட்கார்ந்தேன், அவள் கோப்பையிலேயே தேநீர் குடித்தேன், நெற்றியில் முத்தமிட்டேன். இரண்டாம் நாள் எனக்குத் தொண்டை கட்டியது. சொன்னால் பிள்ளையை என்னிடம் தர மாட்டார்களே என்று பனஃப்ஷாப் பூக் கஷாயத்தைக் குடித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். அன்று முழுக்க மூமினை என் ஃபெரன் அங்கிக்குள் போட்டு நெஞ்சோடு வைத்திருந்தேன், கழுத்துப் பக்கம் அவன் தலை மட்டும் வெளியே தெரியும், என் வாய்க்கு நேர் கீழே அவன் வாய். குளிர் படக்கூடாது என்றுதான் அப்படி வைத்திருந்தேன். பிறகு அவன் படுத்ததும் பழி மருமகள் தலையில் விழுந்தது, விழட்டும் என்று ஒரு வருடம் சும்மா இருந்தேன். இதைவிடக் கேவலமான காரியம் நான் செய்ததில்லை.

இன்ஷா பிறந்த மறுநாள் நிகத்திடம் சொல்லிவிட்டேன். அழுவாள், இல்லை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தைக்குத் துணி சுற்றிக்கொண்டே, "எனக்கு அன்னைக்கே தெரியும்மா. சமையக்கட்டுல தலைத்துணிய வாயில வச்சுக்கிட்டு நீங்க இருமுனது எனக்குக் கேட்டுச்சு" என்றாள். தெரிந்துமா சொல்லவில்லை என்றேன். "சொன்னா உங்க மகன் உங்களக் கேள்வி கேப்பாரு. என்னைக் கேக்குறது அவருக்குப் பழக்கந்தான" என்றாள். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து பழைய பெட்டியைத் திறந்து பூட்டைத் தேடினேன். துரு ஏறிக்கிடந்தது, கடுகெண்ணெய் விட்டுத் தேய்த்துச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது.

இதற்கு ஊர் கொடுத்த கூலியையும் எழுதிவிடுகிறேன், வேறு யார் வாயாலோ நீ கேட்க வேண்டாம். ரொட்டிக்கடைக்கு நான் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். உன் அப்பாவுக்குக் கடைவாசலில் உட்கார இடம் கொடுக்க யாரும் நகர்வதில்லை, நின்றுகொண்டே ஹூக்கா குடித்துவிட்டு வருகிறார். நம் வீட்டுக்குப் பட்டப்பெயரும் வைத்தாயிற்று, என்னைப் பூட்டுக்காரி என்கிறார்கள், மூமினைப் பூட்டுக்காரி பேரன் என்கிறார்கள். நம் ஊரில் ஒரு பெயர் விழுந்தால் பேரன் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கூட வரும், தெரியும். ஒட்டட்டும். பேர் ஒட்டிக்கொண்டால் யாருக்கும் மூச்சு முட்டாது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, என் வெளிக்கதவை மூட எனக்குப் பூட்டு இருக்கிறது. ஆனால் ஒரு செய்தி, நேற்று ஜூனா பெரியம்மாவின் இளைய மருமகள் சுவரோரமாக வந்து, தன் கடைக்குட்டிக்கு ஏழு மாதம், அந்த டாக்டர் எந்தக் கிழமை உட்காருகிறாள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். இதை நீ யாரிடமும் சொல்லித் தொலைக்காதே, பாவம், அவள் மாமியாருக்குத் தெரியாமல் கேட்டிருக்கிறாள்.

ஊசி போட்டாயிற்று என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டும் இல்லை. போட்டாலும் வரலாம், வந்தாலும் ஆக்ஸிஜன் வரைக்கும் போகும் பயம் குறையும், மற்ற சளி இருமலுக்கு இந்த ஊசி காவல் இல்லை என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினாள். அதனால் வெளியே போய் வந்தால் சோப்பு போட்டுக் கைகழுவாமல் யாரும் குழந்தையைத் தொடுவதில்லை, காங்ரி குழந்தை இருக்கும் அறைக்குள் வருவதில்லை, ஒரு ஜன்னலில் பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட்டேன், மதியம் கொஞ்ச நேரம் திறந்துவைக்கிறேன். நிகத்துக்குச் சளி பிடித்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம், பாலை நிறுத்தக் கூடாதாம். நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறதாகச் சொன்னாயே, அவளிடமும் சொல், பிள்ளை மூச்சு வேகமாக வாங்கினால், நெஞ்சு குழிந்தால், உதடு நீலம் பாய்ந்தால், குடிக்காமல் சுருண்டு கிடந்தால், பாதி நாளாகச் சிறுநீர் போகாவிட்டால், மூன்று மாதம் ஆகாத சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது, மருந்துக்கடைக்காரன் நீட்டுகிற ஆன்டிபயாடிக்கை ஃப்ளூவுக்கு விழுங்குவது வீண். நீயும் விழுங்காதே, விழுங்குகிற ஆள்தான் நீ.

இனி அந்த நான்கு இருமலுக்கு வருகிறேன். புது வருடம் பிறந்ததும் ரயில் ஏறுகிறேன், மகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றாய். பார்க்காமல் இருக்க முடியாதுதான், பெற்றவள் எனக்கு அது தெரியாதா, மூன்று மாதமாக நான் உன்னைப் பார்க்காமல்தானே இருக்கிறேன். ஆனாலும் கேள், நீ ஒன்பது பேரோடு ஒரே அறையில் படுக்கிறாய், இரண்டு நாள் ரயிலில் வருவாய், போட வேண்டாம் என்று எங்களை அதட்டிய ஊசியை நீயும் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் டாக்டரைப் பார், ஊசி போட்டுக்கொள், இரண்டு வாரம் அங்கேயே இரு, இருமல் முழுக்க நின்றபின் வண்டி ஏறு, வழியெல்லாம் முகக்கவசம் போட்டுக்கொள். அதற்கு முன்னால் வந்தால் உன் பெரியம்மாவுக்குச் செய்ததைத்தான் உனக்கும் செய்வேன். மாடி ஜன்னலில் குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறேன், தெருவில் நின்று பார்த்துவிட்டுப் பெரியம்மா வீட்டில் போய்ப் படுத்துக்கொள், அவளுக்கும் என்னைத் திட்ட ஒரு துணை கிடைக்கும். பெற்ற அப்பனை வாசலில் நிறுத்தினாள் என்று ஊர் சொல்லட்டும். அன்றைக்கு என்னை யாராவது இப்படி வாசலில் நிறுத்தியிருந்தால் மூமின் இன்று ஒரே மூச்சில் மாடிப்படி ஏறுவான்.

இன்னும் ஒன்று. வந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை, சாவி என்னிடம் இல்லை. பூட்டுப் போட்ட அன்றைக்கே நிகத்திடம் கொடுத்துவிட்டேன், இடுப்புக் கயிற்றில் முடிந்துவைத்திருக்கிறாள். நானே வெளியே போய் வந்தாலும் கதவருகே நின்று, தொண்டை கட்டவில்லை, காய்ச்சல் இல்லை, யார் வீட்டு நோயாளியையும் பார்க்கவில்லை என்று அவளிடம் சொன்ன பிறகுதான் திறக்கிறாள். நீயும் அங்கேதான் நிற்க வேண்டும். ஊசிச் சீட்டை மேல் பையில் வைத்துக்கொள். அதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை ஒரு வருடமாக உன்னிடம் பாக்கி இருக்கிறது, அது என்னவென்று நான் சொல்லித்தர மாட்டேன். என்னுடையதை நான் சொல்லிவிட்டேன்.

அல்லா உன்னை ஆயுளோடும் நல்ல மூச்சோடும் வைத்திருக்கட்டும், உன் வியாபாரம் செழிக்கட்டும், கால் வழுக்காமல் வீடு வந்து சேர். கம்பளிக் காலுறை மூட்டைக்கு அடியில் இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள். மறந்துவிடாதே, ஊசி, இரண்டு வாரம், பிறகு ரயில்.

இப்படிக்கு
உன் அம்மா ஹாஜ்ரா,
பூட்டுக்காரி